ஓட்டுநர் இருக்கை

ஜூன் 9

இன்று செலிக்கா வீடு வந்து சேர்ந்தது. விபத்து நடந்த நாளிலிருந்து போலீஸ் வளாகத்தில் வெயிலிலும் மழையிலும் கிடந்த கார். வழக்கெல்லாம் முடிந்துவிட்டதால் உரிமையாளர் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கூப்பிட்டார்கள். உரிமையாளர் நான்தான். நேசன் இதை வாங்க ஆசைப்பட்டபோது எந்த வங்கியும் அவனுக்குக் கடன் தரவில்லை. அரசாங்க மருத்துவமனையில் மருந்தாளராக இருக்கும் அக்காவின் கையெழுத்து செல்லுபடியானது. தவணையை அவன் ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. அதையும் எழுதிவைக்க வேண்டும்.

வெள்ளி நிறம், இரண்டு கதவு, ஜப்பானில் யாரோ ஓட்டிக் களைத்த பிறகு கப்பலேறி வந்தது. இடது முன்விளக்கு இருந்த இடத்தில் ஓட்டை. கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி விரிசல்.

இழுவை லாரிக்காரப் பையன் சங்கிலியைக் கழற்றிக்கொண்டே கேட்டான்: “யாரு ஓட்டினது ஆண்ட்டி?”

“என் தம்பி.”

“செம்ம காடி லா. பாவம்.”

காடி பாவமா, தம்பி பாவமா என்று நான் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளில் வந்து செத்துப்போன மாரியப்பன் அந்தக் கணக்கிலேயே இல்லை.

ஜூன் 15

சிறைக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேசன், காதில் தொலைபேசி. மெலிந்திருக்கிறான். உயரமானவர்கள் மெலிந்தால் இன்னும் உயரமாகத் தெரிகிறார்கள். நவம்பரில் விடுவார்கள் என்று சொல்லியிருக்கிறார்களாம்.

“காடி வந்துருச்சா அக்கா?”

“வந்துவிட்டது.”

“பேட்டரி செத்துருக்கும். டயரு காத்து எறங்கி வயிறு ஒட்டிருக்கும். பழைய பெட்ரோல் வேற உள்ள இருக்கு. அப்படியே ஸ்டார்ட் பண்ணிராத. இருதயராஜ கூப்பிடு.”

“எதற்கு? இரும்புக்கடையில் போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன்.”

“ஐயோ, வேணாம் லா. விளக்கு, கண்ணாடி மட்டும் மாத்திட்டா நல்லா போகும். யாராச்சும் வாங்குவாங்க. நான் வர்றதுக்குள்ள வித்துடு. அத நான் பாக்க வேணாம்.”

அவனுக்கும் எனக்கும் பேச இருப்பது காரைப் பற்றி மட்டும்தான். ஒருவர் இறந்ததைப் பற்றி நாங்கள் இதுவரை பேசியதில்லை. நான் கேட்டதில்லை. நாற்பத்திரண்டு வயதில் இருபது வயதுப் பையன் மாதிரி ஓட்டியவனிடம் என்ன கேட்பது? வேகமாகப் போனேன், கவனிக்கவில்லை என்று அவனே ஒப்புக்கொண்டான்.

மாரியப்பனின் மனைவி கமலவேணி ஒவ்வொரு விசாரணைக்கும் வந்தார். ஒருநாள் நீதிமன்ற வராந்தாவில் என்னிடம் நேராகக் கேட்டார்: “உங்க தம்பி எங்க மூஞ்சிய ஏங்க நிமிந்தே பாக்க மாட்டேங்கிறாரு?” குற்ற உணர்ச்சி என்று நினைத்தேன்.

ஜூன் 29

போமென் இருதயராஜ் வந்து பார்த்தார். பழுது பார்ப்பவர்களை இங்கே எல்லோரும் போமென் என்றுதான் சொல்கிறோம். இவர் நேசனின் பள்ளித் தோழர், வாய் ஓயாதவர். காரைச் சுற்றி வந்து, குனிந்து, முட்டி போட்டு, எழுந்தார்.

“மேடம், இது காடி இல்ல. தூங்குற புலி.”

“எழுப்ப எவ்வளவு ஆகும்?”

“நீங்க அரசாங்க ஆளு. கேட்டா மயக்கம் வரும். மெதுவா சொல்றேன்.”

ஜூலை 6

எண்ணெய், பெட்ரோல், பிரேக் திரவம் எல்லாம் வடித்து மாற்றியாயிற்று. எஞ்சின் மூன்றாவது முயற்சியில் பிடித்தது. மருத்துவம் படிக்கிற என் மகள் லோஷினி கூச்சிங்கிலிருந்து கூப்பிட்டாள். உடற்கூற்றியல் தேர்வு நன்றாக எழுதியிருக்கிறாளாம். “காடி வித்தாச்சா மா?” என்றாள். மாமா எப்படி இருக்கிறார் என்று அதற்குப் பிறகுதான் கேட்டாள்.

ஜூலை 20

கார் வாங்க முதல் ஆள் வந்தான். பல் மருத்துவமனையில் வேலை செய்கிற பையன், காதில் கடுக்கன். இந்தக் கார் விபத்தில் சிக்கியது, ஒருவர் இறந்தார், முன்விளக்கு புதியது, டிக்கி மூடியின் ரப்பரில் மழைநீர் கசிகிறது, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது முறுக்குகிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். யோசித்துச் சொல்வதாகப் போய்விட்டான்.

இருதயராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். “மேடம், நீங்க காடி விக்கிறீங்களா, மருந்து குடுக்குறீங்களா? பக்க விளைவெல்லாம் படிச்சுக் காட்டுறீங்க!”

“வாங்குகிறவனுக்குத் தெரிய வேண்டும்.”

“தெரியட்டும் லா. மொதல்ல முன்பணம் குடுக்கட்டும், அப்பறம் தெரியட்டும்.”

சிரிப்பு வந்தது. இந்தக் காருக்குப் பக்கத்தில் நான் சிரித்தது இதுதான் முதல் தடவை. பிறகு அது மனதுக்கு நன்றாக இல்லை.

ஆகஸ்ட் 3

வாரம் ஒருமுறை ஓட்டாவிட்டால் மறுபடியும் படுத்துவிடும் என்கிறார் இருதயராஜ். என் மைவி ஆட்டோமேட்டிக் கார், அதில் கிளச் கிடையாது. கல்லூரிக் காலத்தில் கற்றுக்கொண்டதைத் தூசி தட்டி, குடியிருப்பைச் சுற்றி இரண்டு வட்டம் அடித்தேன். நான்கு முறை நின்றுபோனது. பக்கத்து வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

இருக்கை நேசன் போட்டது, பந்தயக் கார்களில் இருப்பது. முன்னும் பின்னும் நகராது. நான்கு போல்ட்டில் தரையோடு இறுக்கியிருக்கிறது. குழிக்குள் இறக்கி வைத்த மாதிரி உட்கார வேண்டும். ஆனாலும் வசதியாகவே இருந்தது. கால் கிளச்சை அடி வரை மிதிக்கிறது, கை சக்கரத்தில் படிகிறது. எந்தக் காரிலும் எனக்கு முதுகுக்கு ஒரு தலையணை வேண்டும். இதில் வேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்ட் 17

இரண்டாவது ஆள். தெலுக் இந்தானிலிருந்து வந்த ஒப்பந்தக்காரர், ஐம்பது வயது இருக்கும், நல்ல உயரம். பணம் தயாராக இருந்தது. பக்க விளைவுகளைக் கேட்டும் பின்வாங்கவில்லை. ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று சொல்ல முடியாது. முட்டி இரண்டும் சக்கரத்தில் இடித்து நின்றன. கிளச்சை மிதிக்கக் காலை மடக்கவே இடமில்லை. நெம்பிக்கொண்டு வெளியே வந்தார்.

“என்னாங்க இது? யாரு ஓட்டுன காடி, ஸ்கூல் பிள்ளையா?”

அவர் மனைவி சிரித்தார். இருதயராஜ் குனிந்து இருக்கையின் அடியில் பார்த்தார். “முன்னால கடைசி ஓட்டையில கொண்டுவந்து மாட்டிருக்கு. அடியில கட்ட வேற குடுத்து ஒசத்திருக்கு. பின்னால தள்ளிக் குடுத்தா உங்களுக்கு சரியா வரும் தவுக்கே” என்றார், முதலாளிகளை அழைக்கிற மாதிரி.

அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

நேசன் அந்த மனிதரைவிட உயரம்.

ஆகஸ்ட் 18

மழை. காரை மூடி வைத்தேன். குளியலறைக் குழாய் சொட்டுவதற்கு ஆள் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 19

லோஷினி ஐந்தடி. என்னைவிட ஒரு விரல் குறைவு.

ஆகஸ்ட் 31

சுதந்திர தின விடுமுறை. சிறைக்குப் போனேன்.

“நேசா, அந்த இருக்கையை முன்னால் நகர்த்தியது யார்?”

அவன் பின்னால் நிற்கும் வார்டனைப் பார்த்தான். கையிலிருந்த தொலைபேசியைப் பார்த்தான். அதில் பேசுவதெல்லாம் பதிவாகும் என்று சுவரில் எழுதியிருக்கிறது.

“பேட்டரி தண்ணி பாத்தியா அக்கா?”

“கேட்டதற்குப் பதில் சொல்.”

“நான்தானே ஓட்டுனேன். கோர்ட்டுல சொல்லியாச்சு, தீர்ப்பு வந்தாச்சு. நவம்பர்ல வெளிய வந்துருவேன். முடிஞ்சுபோன கேஸ் அக்கா அது.” பிறகு கண்ணாடிக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தான். “காடிய வித்துடு. கெடச்ச வெலைக்குக் குடு. பாப்பா படிப்பு எப்படிப் போகுது?”

“நன்றாகப் போகிறது.”

“அது போதும் லா.”

சிரித்தான். திரும்பி வரும் வழியில் மருத்துவமனைக்குப் போய், விடுமுறை நாளில் யாரும் கேட்காத மருந்து இருப்புக் கணக்கை எடுத்தேன்.

செப்டம்பர் 7

இருக்கையைப் பின்னால் தள்ளி மாட்டச் சொன்னேன். போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகிவிட்டன. எண்ணெய் விட்டு, நெம்பி, ஒன்றை அறுத்தே எடுக்க வேண்டியதாயிற்று. அடியிலிருந்த மரக்கட்டைகளை நானே குப்பையில் போட்டேன்.

இருதயராஜ் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “யாருக்கு மேடம் இப்படி மாட்டிக் குடுத்தான் நேசன்? என்கிட்ட சொல்லவே இல்ல.”

“எனக்கு. ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்றான்.”

“அப்படியா” என்றார். அவர் வழக்கமாக அதற்குப் பிறகு ஏதாவது சொல்வார். சொல்லவில்லை.

இருக்கையை நகர்த்தியது விற்பனைக்காகத்தான். ஒப்பந்தக்காரர் வருவதாகச் சொன்னார் அல்லவா.

செப்டம்பர் 14

ஒப்பந்தக்காரர் வரவில்லை. வேறு கார் வாங்கிவிட்டாராம்.

அக்டோபர் 12

தீபாவளி விடுமுறைக்கு லோஷினி நேற்று வந்தாள். போன வருடம் வந்தபோது கார் இங்கே இல்லை. இந்த முறை வாடகைக் காரிலிருந்து இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு, மூடியிருந்த செலிக்காவைச் சுவரோரமாகச் சுற்றி வந்தாள். அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இன்று மாலை துணி காயப்போடப் போனவளைக் காணோம் என்று பார்த்தேன். கார் உறையை விலக்கி, கதவைத் திறந்து, உள்ளே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

“அம்மா, சீட்ட யாரு பின்னால தள்ளி வெச்சது?”

“வாங்க வந்தவருக்கு இடிக்கிறது என்றார்.”

“அடியில இருந்த கட்ட?”

நான் கார் உறையின் நுனியை இழுத்துச் சரிசெய்தேன்.

“அப்ப உங்களுக்குத் தெரியும்” என்றாள். “தெரிஞ்சும் எடுத்துட்டீங்க.”

ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மாமாவிடம் கெஞ்சிக் கேட்டு ஒரு மாதமாக அந்தக் காரில் பழகியிருக்கிறாள். எனக்குத் தெரிந்தால் விடமாட்டேன் என்பதால் இருவரும் மறைத்தார்கள். அன்று சிம்மோர் பக்கத்துச் சாலையில் மழை விட்டிருந்தது. சந்திலிருந்து மோட்டார் சைக்கிள் திரும்பியது. பிரேக் என்று நினைத்து கிளச்சை மிதித்தாள். கார் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. மாமா இறங்கி ஓடி அந்த மனிதரைத் தூக்கினார். பிறகு இவளிடம் வந்து, “நீ இங்க வரவே இல்ல. நேரா கோயிலுக்கு நடந்து போ, அங்கேருந்து வாடகக் காடி எடு” என்றார். இவள் நடந்தாள். திரும்பிப் பார்த்தபோது மாமா ஓட்டுநர் பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாராம், ஆட்கள் வரட்டும் என்று.

எனக்கு அந்த மாலை நினைவிருக்கிறது. நனைந்து வந்தாள். சாப்பிடவில்லை. உடம்பு கொதித்தது. நான் பாராசிட்டமால் கொடுத்துப் போர்வை போர்த்திவிட்டேன்.

“காது குத்தறப்ப மாமா என்ன மடியில வெச்சிருந்தாராம். அதுக்காக ஜெயிலுக்கும் போவாங்களா மா? நான் போலீஸ்ல சொல்லப்போறேன்.”

“மாமா உள்ளே இருக்கும்போது நீ வாயைத் திறந்தால், பொய் சொன்னதற்கு அவன்மேல் இன்னொரு வழக்குப் போடுவார்கள். அவன் வெளியே வரட்டும். நீ படிப்பை முடி. அப்புறம் பேசலாம்.”

“மாமாவும் இதேதான் சொன்னாரு. படிப்ப முடின்னு.”

நான் சொன்ன காரணம் சரியானதுதான். ஆனால் அந்தக் காரணத்துக்காக நான் அதைச் சொல்லவில்லை.

அக்டோபர் 20

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். முறுக்கு கருகிவிட்டது. யாரும் வரவில்லை.

அக்டோபர் 26

விமான நிலையத்தில் லோஷினி சொன்னாள்: “மாமா வர்ற அன்னைக்கு நான் வர்றேன். செலிக்காவுலயே போவோம். நீங்க ஓட்டுங்க.”

“மைவி இருக்கிறதே.”

“இல்ல மா. அதுலதான்.”

நவம்பர் 9

இருதயராஜிடம் இருக்கையை மறுபடியும் முன்னால் கொண்டுவரச் சொன்னேன். நான்தான் ஓட்டப்போகிறேன், எனக்குக் கால் எட்ட வேண்டும். “மேடம், இந்த சீட்டு என்னைவிட அதிகமா நடக்குது” என்றார். புதுக் கட்டை அறுத்து வைத்தார். கூலி வாங்கிக்கொள்ளவில்லை. நேசன் வருகிற நாளில் கடையைப் பூட்டிவிட்டு வருவதாகச் சொன்னார். வர வேண்டாம் என்றேன்.

நவம்பர் 21

அவனை இன்று காலை விட்டார்கள்.

சிறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் பையோடு நின்றான். காரைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. “இன்னும் விக்கலயா?” என்றான். லோஷினி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவள் தலையில் கை வைத்து, “மெலிஞ்சிட்ட பாப்பா. அங்க சோறு போடறாங்களா இல்லயா?” என்று கேட்டான், என்னவோ அவள்தான் உள்ளேயிருந்து வந்தவள் போல.

“மாமா, நீங்க முன்னால உக்காருங்க.”

“பின்னால உக்காந்தா உனக்கு வாந்தி வரும். நீ முன்னால ஏறு.” பயணி இருக்கையை மடக்கி, தன் நீண்ட உடம்பைச் சுருட்டிப் பின்னால் நுழைந்தான். முட்டி தாடையில் இடித்தது. லோஷினி இருக்கையை நிமிர்த்தி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

நான் ஓட்டுவதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். “கிளச்ச பாதில வெச்சுட்டு ஓட்டாத அக்கா, தேஞ்சிரும். அடேயப்பா, மூணாவது கியர்லாம் போடுற!” எங்கேயாவது நிறுத்தித் தேநீர் குடிக்கலாம் என்றான். குடித்தோம். ரொட்டி சானாய் இரண்டு சாப்பிட்டான். மறுபடியும் அதே மாதிரி ஏறினான்.

ஈப்போ நெருங்கும்போது லோஷினி திரும்பாமலே சொன்னாள்: “மாமா, வீட்டுக்குப் போறதுக்கு முன்னால புந்தோங் போகணும்.”

“புந்தோங்ல யாரு இருக்கா?”

“கமலவேணி ஆண்ட்டி.”



“எதுக்கு?”

“சொல்றதுக்கு.”

“அக்கா, இவளுக்குப் பைத்தியமா? நீ என்னா சும்மா வர்ற?” இரண்டு இருக்கைக்கும் நடுவே தலையை நீட்டினான். “பாப்பா, இங்க பாரு. முடிஞ்சுருச்சு. நான் போயிட்டு வந்துட்டேன். உள்ள ஒண்ணும் பெரிசா இல்ல, சாப்பாடு போட்டாங்க, தூங்குனேன். இப்ப போய் வாயத் தொறந்தீன்னா உன் படிப்பு போகும், என்னையும் பொய் சொன்னேன்னு திரும்ப உள்ள வெப்பாங்க. நான் இருந்ததெல்லாம் தண்ணியில போட்ட மாதிரி ஆயிரும். வேணாம் லா. மாமா சொல்றேன்ல?”

“நீங்க சொல்லித்தான் மாமா ரெண்டு வருஷமா இருக்கேன்” என்றாள். “காலேஜ் பிரேத அறையில மொத நாள் துணிய விலக்குனப்ப எனக்கு அவரு மூஞ்சிதான் தெரிஞ்சுச்சு. நான் எப்படி டாக்டராவுறது?”

“அக்கா, வீட்டுக்கு விடு.”

சந்திப்பு வந்தது. வலப்பக்கம் பெர்ச்சாம், எங்கள் வீடு. இடப்பக்கம் புந்தோங். சிவப்பு விளக்கு. லோஷினி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். பச்சை விழுந்தது. பின்னால் நின்ற கார்க்காரன் ஹாரன் அடித்தான். நான் இடப்பக்கம் திருப்பினேன்.

“நிறுத்து அக்கா! நான் எறங்கணும்.”

அவன் இறங்கப் பின்னால் கதவு இல்லை. முன்னால் இருக்கும் யாராவது இறங்கி வழிவிட்டால்தான் உண்டு. யாரும் விடவில்லை.

கமலவேணியின் வீடு வரிசை வீடுகளில் கடைசிக்கு முந்தினது. கேட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். லோஷினி இறங்கினாள். இருக்கையை மடக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு நடந்தாள்.

“அக்கா, சீட்ட மடக்கு. அக்கா!”

“கொஞ்சம் இரு.”

“அவ வாழ்க்க போயிரும். உனக்குப் புரியுதா? உன் புள்ள!”

“புரிகிறது.”

அவன் முன்னிருக்கையைப் பின்னாலிருந்து உலுக்கினான். கமலவேணி கதவைத் திறந்தார். கையில் துடைப்பம். லோஷினி ஏதோ சொன்னாள். அவர் அவளைத் தாண்டிக் காரைப் பார்த்தார், காருக்குள் என்னைப் பார்த்தார். அந்தக் கார் எது என்று அவருக்குத் தெரியாமலிருக்காது. துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். லோஷினியை உள்ளே கூப்பிட்டார்.

நான் இறங்கிச் சுற்றி வந்து, அந்தப் பக்கக் கதவைத் திறந்து, இருக்கையை மடக்கினேன்.

நேசன் இறங்கவில்லை. முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டான்.

“நான் வந்தா மறுபடியும் நான்தான்னு சொல்லிருவேன் அக்கா. என்னால வாய அடக்க முடியாது. நீ போ.”

போனேன். உள்ளே மர நாற்காலியில் லோஷினி உட்கார்ந்திருந்தாள், கை இரண்டும் தொடைக்கு அடியில். அவளுக்கு எதிரே கமலவேணி. சுவரில் மாரியப்பன் படத்துக்கு மாலை புதிதாக இருந்தது.

“வந்ததுலேருந்து ஏதோ சொல்லணும் சொல்லணும்ங்குது உங்க பொண்ணு” என்றார் கமலவேணி. “வாய் வர மாட்டேங்குது. நீங்களாச்சும் சொல்லுங்களேன், என்னான்னு.”

லோஷினி என்னைப் பார்த்தாள். நான் சொல்லியிருக்க முடியும். எப்படிச் சொன்னால் சேதம் குறையும் என்றுகூட எனக்குத் தெரிந்திருந்தது.

“அவளே சொல்வாள்” என்றேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சொன்னாள்.